எம்டிசிபி: ஒரு 486-ஐ வீட்டு நெட்வொர்க்கில் கோர்க்க எனக்கு ஆன மூன்று ஞாயிறு

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன், கதை கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். எம்டிசிபி என்கிற, டாஸுக்கான (விண்டோஸுக்கு முந்தைய, கட்டளை அடித்து ஓட்டும் சிஸ்டம்) நெட்வொர்க் மென்பொருளுக்கு ஐந்துக்கு நாலரை. அதற்குக் கீழே மாட்டியிருந்த என்இ2000 குளோன் நெட்வொர்க் கார்டுக்கு ஐந்துக்கு இரண்டு, அதில் ஒன்று இத்தனை வருஷம் பரணில் கிடந்தும் உயிரோடு இருந்ததற்கு. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அதில் இரண்டரை ஞாயிறு கார்டாலும் என் அவசரத்தாலும் போனது, ஆனால் முழுத் திட்டும் எம்டிசிபிதான் வாங்கியது, ஏனென்றால் திரையில் வந்து "டைம்அவுட்" என்று சொல்வது அதுதானே.

கம்ப்யூட்டர் என் சித்தப்பாவுடையது. மதுரையில் ஆடிட்டர். ஆபீஸை வேறு தெருவுக்கு மாற்றும்போது பரணிலிருந்து இறங்கிய சாமான்களில் ஒன்று: 486டிஎக்ஸ்2, 66 மெகாஹெர்ட்ஸ், 8 எம்பி ராம், 420 எம்பி ஹார்ட் டிஸ்க், எம்எஸ்-டாஸ் 6.22. யாரோ ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிக் கொடுத்த கணக்கு புரோகிராமும், அதன் டிபிஎஃப் ஃபைல்கள் சுமார் 38 எம்பியும் உள்ளே இருந்தன. "இதுல இருக்கிற பழைய லெட்ஜரை எல்லாம் என் லேப்டாப்புக்கு மாத்திக் குடுடா, உனக்குத்தான் இதெல்லாம் பொழுதுபோக்காச்சே" என்றார். சரி என்று ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஃப்ளாப்பியில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். 38 எம்பிக்கு 27 ஃப்ளாப்பி வேண்டும், என்னிடம் பிழையில்லாமல் எழுதக்கூடியது நாலு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ரொம்பப் பழைய ஐடிஇ டிஸ்க்குகளோடு இந்த அடாப்டர்கள் பலவும் பேசாது. ஆனால் பெட்டியின் பின்பக்கம் ஒரு நெட்வொர்க் கார்டு இருந்தது, அதில் கோஆக்ஸ் கேபிளுக்கான வட்டமான பிஎன்சி முனையும் பக்கத்திலேயே இன்றைய கேபிள் போகும் ஆர்ஜே45 துளையும். சித்தப்பா ஆபீசில் அப்போது மூன்று மெஷின், நாவல் என்ற கம்பெனியின் நெட்வேர் மென்பொருள் ஓடும் சர்வரோடு கோஆக்ஸில் கோர்த்திருந்தது. நான் பள்ளி விடுமுறையில் அங்கே போய் உட்கார்ந்திருந்திருக்கிறேன். யாராவது மேஜையைக் கொஞ்சம் நகர்த்தினால் டி வடிவ கனெக்டர் தளர்ந்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் "போச்சு" என்பார்கள், இரண்டு ஓரத்திலும் 50 ஓம் டெர்மினேட்டர் சரியாக இருந்தால்தான் நடுவில் இருப்பவருக்கு உயிர்.

துளை இருக்கிறது, வீட்டில் ரவுட்டர் இருக்கிறது, நடுவில் என்ன போடுவது என்று தேடினால் எல்லோரும் காட்டும் கை ஒரே பக்கம்தான். மைக்கேல் புரூட்மன் என்பவர் எழுதிய எம்டிசிபி. இலவசம், சோர்ஸ் கோடும் ஜிபிஎல் உரிமத்தில் திறந்தே இருக்கிறது. முதல் ஐபிஎம் பிசியின் 8088 சிப்பிலிருந்து மேலே எதிலும் ஓடும். இது ஒற்றை புரோகிராம் இல்லை, சின்னச் சின்ன புரோகிராம்களின் மூட்டை: ஐபி முகவரி வாங்க டிஹெச்சிபி, எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்க பிங், ஃபைல் பரிமாற எஃப்டிபி, எஃப்டிபி சர்வர், டெல்நெட், நேரம் சரிசெய்ய எஸ்என்டிபி, ஐஆர்சி அரட்டைக்கு ஐஆர்சிஜேஆர், இணையத்திலிருந்து ஃபைல் இறக்க ஹெச்டிகெட், ஒரு குட்டி வெப் சர்வர் கூட உண்டு.

இதன் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் கீழே சொல்லும் கூத்தெல்லாம் புரியும். விண்டோஸில் போல நெட்வொர்க் என்பது எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இல்லை. எம்டிசிபியின் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கான டிசிபி/ஐபியைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது, ஓடும்போது பேசும், முடிந்தால் போய்விடும். நினைவகத்தில் நிரந்தரமாகத் தங்குவது கார்டோடு நேரடியாகப் பேசும் பாக்கெட் டிரைவர் மட்டும், அதுவும் சில கேபிதான். அந்த டிரைவர் கார்டு தயாரித்தவரிடமிருந்தோ, க்ரின்வர் தொகுப்பு என்று 90-களிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் மூட்டையிலிருந்தோ வரும். பாக்கெட் டிரைவர் எப்படிப் பேச வேண்டும் என்ற விதியை எஃப்டிபி சாஃப்ட்வேர் என்ற கம்பெனி 80-களிலேயே எழுதிவைத்துவிட்டது. ஹெக்ஸ் (பதினாறை அடிப்படையாக வைத்து எண்ணும் முறை) 60-லிருந்து 80 வரைக்குள் ஒரு மென்பொருள் இன்டரப்ட் எண்ணில் டிரைவர் உட்கார்ந்துகொள்ளும், எம்டிசிபி அங்கே போய்க் கதவைத் தட்டும். கீழே கார்டு எந்தக் கம்பெனி என்று மேலே இருக்கும் புரோகிராமுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அழகான ஏற்பாடு. சிக்கல் வந்தால் எந்த மாடியில் என்று தேடுவதும் நம் வேலை.

முதல் ஞாயிறு. வேண்டிய ஐந்தாறு புரோகிராமையும் பாக்கெட் டிரைவரையும் ஒரே ஃப்ளாப்பியில் போட்டு உள்ளே கொண்டுபோனேன். எம்டிசிபிக்கு ஒரு கான்ஃபிக் ஃபைல் வேண்டும், அது எங்கே இருக்கிறது என்பதை எம்டிசிபிசிஎஃப்ஜி என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் சொல்ல வேண்டும். அந்த செட் கட்டளையை அடித்ததும் டாஸ் சொன்னது, என்விரான்மென்டில் இடம் இல்லை. டாஸ் இதற்குத் தானாக ஒதுக்குவது 256 பைட்தான், பூட் ஆகும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில், புரோகிராம்களை எந்த டைரக்டரிகளில் தேடுவது என்று சொல்லும் பாத் வரியே பாதி இடத்தைத் தின்றிருந்தது. கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் ஷெல் வரி போட்டு கமாண்ட்.காமுக்கு ஸ்லாஷ் இ கோலன் 1024 என்று கொடுத்து, மறுபடி பூட் செய்தால் தீர்ந்தது. இதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து எந்த எம்டிசிபி புரோகிராமை ஓட்டினாலும் கான்ஃபிக் எங்கே என்றுதான் கேட்கும், நாம் கொடுத்தோமே என்று முடியைப் பிய்த்துக்கொள்வோம்.

அடுத்தது டிரைவர். என்இ2000 என்று அடித்தேன், எல்எஸ்எல் லோடு ஆகவில்லை என்று பதில் வந்தது. எல்எஸ்எல்லா? அது நாவல் உலகத்துச் சமாச்சாரம் ஆயிற்றே? அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: நாவலின் ஓடிஐ டிரைவருக்கும் பெயர் என்இ2000.காம், க்ரின்வர் பாக்கெட் டிரைவருக்கும் பெயர் என்இ2000.காம். பாத்தில் நாவல் டைரக்டரி முன்னால் இருந்ததால், வேறு டைரக்டரியில் நின்று நான் அடித்தபோதெல்லாம் பழைய ஆசாமி எழுந்து வந்தார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் கல்யாண வீட்டில் கூப்பிட்டது போல. என்னுடையதற்குப் பெயரை மாற்றிவைத்தேன், ஆட்டோஎக்ஸெக்கில் இருந்த பழைய நாவல் வரிகள் ஓடாமலிருக்க அவற்றுக்கு முன்னால் ரெம் போட்டேன். இதைச் செய்யாமல் விடாதீர்கள், ஒரே கார்டை இரண்டு டிரைவர் பிடித்து இழுத்தால் இரண்டுமே ஓடாது.

நாவல் செய்த ஒரு நல்ல காரியமும் உண்டு. அதன் நெட்.சிஎஃப்ஜி ஃபைலைத் திறந்து பார்த்தால் கார்டின் பழைய அமைப்பு அப்படியே இருந்தது, இன்ட் 3 (கார்டு சிபியூவைக் கூப்பிடும் எண், ஐஆர்க்யூ என்பதும் இதுதான்), போர்ட் 300 (கார்டின் ஐஓ முகவரி). ஜாதகம் கிடைத்த மாதிரி. பரணிலிருந்து ஒரு மெஷினை இறக்கினால் பழைய ஃபைல்கள் எதையும் அழிப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

கிடைத்த சந்தோஷத்தில் டிரைவருக்கு 300 என்று அடித்தேன், கார்டைக் காணோம் என்றது. க்ரின்வர் டிரைவர்களுக்கு வெறும் 300 என்றால் நாம் பள்ளியில் படித்த முந்நூறு. ஹெக்ஸ் என்றால் முன்னால் பூஜ்யமும் எக்ஸும் சேர்த்து 0எக்ஸ்300 என்று கொடுக்க வேண்டும். வெறும் முந்நூறு ஹெக்ஸில் 12சி, அந்த முகவரியில் என் பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை. இதே விதி இன்டரப்ட் எண் 60-க்கும் உண்டு, 0எக்ஸ்60. சரியாகக் கொடுத்ததும் டிரைவர் ஏறி, கார்டின் மேக் முகவரியையும் (கார்டுக்கே உரிய அடையாள எண்) திரையில் போட்டது. அவ்வளவுதான், வேலை முடிந்தது என்று நினைத்து டிஹெச்சிபி ஓட்டினேன். முயற்சி ஒன்று, முயற்சி இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் டைம்அவுட். ராத்திரி பதினொன்றரை. எம்டிசிபிக்கு அன்றைக்கு நான் ஐந்துக்கு ஒன்றுதான் கொடுத்திருப்பேன்.

இரண்டாவது ஞாயிறு முழுக்க விளக்கு. கார்டின் பின்பக்கம் இருக்கும் பச்சை லிங்க் விளக்கு எரியவில்லை. ரவுட்டரிலும் அந்த போர்ட்டுக்கு விளக்கு இல்லை. கேபிள் மாற்றினேன், போர்ட் மாற்றினேன், ரவுட்டரையே அணைத்துப் போட்டேன் (வீட்டில் சீரியல் நடுவில் நின்றதற்கு வாங்கியது தனி). ஒரு சந்தேகம் நியாயமானதுதான்: 2.5 கிகாபிட் போன்ற புது வேக போர்ட்டுகள் சிலவற்றில் 10 மெகாபிட் வேகமே கிடையாது, அந்தக் காலத்துக் கார்டுகளுக்கு 10-ஐத் தவிர வேறு தெரியாது. சாதாரண கிகாபிட் போர்ட் என்றால் பெரும்பாலும் 10-க்கு இறங்கிவரும். சந்தேகம் தீர நடுவில் ஒரு மலிவான 10/100 ஸ்விட்ச் போட்டுவிடுங்கள், நானும் போட்டேன். விளக்கு அப்போதும் எரியவில்லை.

கடைசியில் மூடியைத் திறந்து கார்டையே பார்த்தேன். கம்பெனி பெயர் எதுவும் இல்லை, பெரிய சிப்பில் ரியல்டெக் 8019 என்று இருந்தது. இந்த சிப்புக்கு ஆர்செட்8019 என்று ஒரு செட்டப் புரோகிராம் உண்டு, பழைய டிரைவர் ஃப்ளாப்பிகளைச் சேமித்து வைத்திருக்கும் தளங்களில் கிடைக்கிறது. பாக்கெட் டிரைவர் ஏறாத சுத்தமான பூட்டில்தான் இதை ஓட்ட வேண்டும். ஓட்டினால், மீடியா டைப் என்ற இடத்தில் 10பேஸ்2 என்று இருந்தது. அதாவது கார்டு இன்னும் கோஆக்ஸ் கேபிளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது! அன்றைக்கு அதை மாட்டிய ஆள், கேபிளைத் தானே தேர்ந்தெடுக்கும் அமைப்பில் விடாமல் கோஆக்ஸ் என்றே அழுத்தி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார், கார்டின் நினைவு சிப்பான ஈப்ராமில் எழுதியது அப்படியே இருக்கிறது. 10பேஸ்டி (ஆர்ஜே45 கேபிள்) என்று மாற்றிச் சேமித்து, கரண்டையே அணைத்துப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்கைப் பார்த்து நான் சிரித்ததை என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அதே செட்டப்பில் ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்வது; ஹாஃப் என்றால் மாறி மாறி) என்று ஒன்று கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். அந்தக் காலக் கார்டு ஸ்விட்ச்சோடு பேசி வேகத்தை முடிவு செய்யத் தெரியாதது, ஸ்விட்ச் தன் பக்கத்தில் தானாக ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். நாம் இங்கே ஃபுல் என்று வைத்தால் விளக்கு எரியும், பிங் கூடப் போகும், பெரிய ஃபைல் மட்டும் ஆமை வேகத்தில் திணறும்.

விளக்கு எரிந்த பிறகும் டிஹெச்சிபி டைம்அவுட். இங்கேதான் விஷயம் சூடு பிடித்தது, எம்டிசிபி மேல் எனக்கு மரியாதை வந்ததும் இங்கேதான்.

மூட்டையில் பிகேடிடூல் என்று ஒரு சின்ன புரோகிராம் இருக்கிறது. ஸ்கேன் என்று சொன்னால் எந்த இன்டரப்ட்டில் பாக்கெட் டிரைவர் இருக்கிறது என்று தேடிச் சொல்லும். அது சொன்னது, 60-இல் ஆள் இருக்கிறார். அடுத்து லிஸன் என்று சொன்னால் கேபிளில் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும். வீட்டு நெட்வொர்க் என்பது ஒருபோதும் அமைதியாக இருக்காது, போன், டிவி, ரவுட்டர் என்று யாராவது எல்லோருக்குமாக ஏதாவது கத்திக்கொண்டே இருப்பார்கள். என் 486-இல் மட்டும் மயான அமைதி. ஒரு பாக்கெட் கூட வரவில்லை. லேப்டாப்பில், நெட்வொர்க்கில் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து வைத்து, 486-இல் டிஹெச்சிபியை ஓட்டினேன். வயர்ஷார்க்கில் 486-இன் மேக் முகவரியிலிருந்து டிஹெச்சிபி டிஸ்கவர் (ஐபி முகவரி கேட்கும் முதல் கூப்பாடு) ஒன்று வந்து விழுந்தது!

ஆக, வாய் பேசுகிறது, காது கேட்கவில்லை. டாஸ் நெட்வொர்க்கில் இந்த ஒரு அறிகுறியைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது: அனுப்புகிறது ஆனால் வாங்கவில்லை என்றால் ஐஆர்க்யூவைப் பாருங்கள். கார்டின் மேக் முகவரியைப் படிக்க ஐஆர்க்யூ தேவையில்லை, ஐஓ முகவரி சரியாக இருந்தால் போதும். அதனால்தான் டிரைவர் ஏறும்போது எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரிந்தது. பாக்கெட்டை வெளியே தள்ளவும் இந்த டிரைவருக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வந்திருக்கிறது என்று கார்டு சிபியூவின் தோளைத் தட்டிச் சொல்லும் வழி ஐஆர்க்யூ மட்டும்தான். அந்த வழியில் வேறு யாராவது படுத்திருந்தால் வந்த பாக்கெட் கார்டுக்குள்ளேயே கிடக்கும்.

யார் படுத்திருந்தது? டாஸோடு வரும் எம்எஸ்டி என்ற சோதனை புரோகிராமை ஓட்டினேன். ஐஆர்க்யூ 3-க்கு நேராக காம்2 என்று இருந்தது. காம்2-இல் என்ன இருக்கிறது? மறுபடி மூடியைத் திறந்தால், கடைசி ஸ்லாட்டில் ஒரு இன்டர்னல் மோடம். சித்தப்பாவுக்கு போன் போட்டேன். "ஆமாடா, விஎஸ்என்எல் கனெக்‌ஷன் வாங்கினப்ப போட்டது. அதுக்குள்ள அந்த நாவல் சர்வரும் போயிடுச்சே" என்றார். அவ்வளவுதான் கதை. நாவல் காலத்தில் ஐஆர்க்யூ 3 காலியாக இருந்திருக்கிறது, நெட்.சிஎஃப்ஜி அந்தக் காலத்து உண்மையைத்தான் சொன்னது. அப்புறம் மோடம் வந்து அதே எண்ணில் உட்கார்ந்தது, அதற்குள் நெட்வொர்க் கார்டை யாரும் பயன்படுத்தாததால் சண்டை வெளியே தெரியவே இல்லை. இந்தப் பெட்டியில் இருக்கும் பழைய ஐஎஸ்ஏ வகை ஸ்லாட்டில் இரண்டு கார்டு ஒரே ஐஆர்க்யூவைப் பகிர முடியாது, அடுத்த தலைமுறை பிசிஐ ஸ்லாட் வந்த பிறகுதான் அந்த சமாதானம்.

மோடத்தைக் கழற்றினேன். அப்படியும் நம்பாமல் ஆர்செட்8019-இல் போய்க் கார்டையும் ஐஆர்க்யூ 10-க்கு மாற்றினேன், டிரைவர் வரியிலும் 10 என்று திருத்தினேன். இரண்டு இடத்திலும் மாற்ற வேண்டும், ஒன்றை மறந்தால் மறுபடி செவிடுதான். உங்கள் பெட்டியில் சவுண்ட் கார்டு இருந்தால் 5 பக்கமும் போகாதீர்கள், பிரின்டர் போர்ட் 7-இல் இருக்கும், 10-ம் 11-ம்தான் பெரும்பாலும் காலி. ஆனால் அவை நீளமான 16 பிட் ஸ்லாட்டில் உள்ள கார்டுக்கு மட்டுமே கிடைக்கும்.

மூன்றாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு டிஹெச்சிபி ஓட்டினேன், முதல் முயற்சியிலேயே ஐபி முகவரி வந்தது. வந்ததை அந்த கான்ஃபிக் ஃபைலிலேயே எழுதிவைத்துக்கொள்கிறது, மற்ற புரோகிராம்கள் அதைப் படித்துக்கொள்கின்றன. (அதனால் கான்ஃபிக்கை எழுத்துத் தடை போட்ட ஃப்ளாப்பியில் வைக்க முடியாது.) ரவுட்டருக்கு பிங், பதில் வந்தது. லேப்டாப்புக்கு பிங், வரவில்லை, அது விண்டோஸ் ஃபயர்வால் வேலை, அதற்காக மறுபடி கார்டைக் கழற்றாதீர்கள். லேப்டாப்பிலிருந்து 486-க்கு பிங் போட்டேன், அதுவும் இல்லை! கை மறுபடி ஸ்க்ரூ டிரைவரைத் தேடியது. அப்புறம்தான் மேலே சொன்னது நினைவுக்கு வந்தது: சி பிராம்ப்ட்டில் சும்மா நிற்கும் டாஸில் டிசிபி/ஐபியே இல்லை, எம்டிசிபி புரோகிராம் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பிங்குக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை நேரத்தால் வந்தது. மதர்போர்டில் இருந்த பீப்பாய் பேட்டரி பச்சையாகக் கசிந்திருந்ததால் வந்த அன்றே வெட்டி எடுத்துவிட்டேன் (உங்களிடம் 386, 486 இருந்தால் இன்றே திறந்து பாருங்கள், அந்தக் கசிவு போர்டையே அரித்துவிடும்). அதனால் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் டாஸுக்கு வருஷம் 1980. எஸ்என்டிபி ஓட்டி நேரத்தைச் சரிசெய்தேன். எந்த ஊர் நேரம் என்று சொல்லும் டிஸெட் வேரியபிளில் நம் ஊருக்கு ஐஎஸ்டி-5:30 என்று மைனஸ் போட வேண்டும், நாம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் பிளஸ் என்று போட்டால் பதினொரு மணி நேரம் தள்ளி நிற்கும். நேரம் சரியானதும் எஃப்டிபியைக் கூப்பிட்டால், உங்கள் டிஹெச்சிபி லீஸ் (ஐபி முகவரியை வைத்துக்கொள்ளும் தவணை) முடிந்துவிட்டது என்கிறது. நியாயம்தானே, 1980-இல் வாங்கிய லீஸ் நாற்பது வருஷத்துக்கு மேல் தாங்குமா! டிஹெச்சிபி, எஸ்என்டிபி, மறுபடி டிஹெச்சிபி என்று ஒரு பேட்ச் ஃபைலில் வரிசையாகப் போட்டுவிட்டேன்.

ஃபைல் எடுக்க நான் பயன்படுத்தியது எஃப்டிபி சர்வரை. பாஸ்வேர்டு ஃபைல் ஒன்றில் ஒரு வரி எழுதிவிட்டு 486-இல் அதை ஓட்டினால், லேப்டாப்பில் ஃபைல்ஸில்லாவைத் திறந்து உள்ளே போகலாம், சி டிரைவ் ஒரு ஃபோல்டராகத் தெரிகிறது. பிரவுசரிலேயே திறக்கலாம் என்று போகாதீர்கள், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-லேயே எஃப்டிபியைத் தூக்கிவிட்டன. ஃபைல்ஸில்லாவில் ஒரே நேரத்தில் ஒரு கனெக்‌ஷன் மட்டும் என்று வைத்துக்கொண்டால் பழைய ஹார்ட் டிஸ்க் கத்தாமல் வேலை செய்கிறது. 38 எம்பி, சப்டைரக்டரிகளோடு, நாலு நிமிஷத்துக்குள் முடிந்தது. மூன்று ஞாயிறு பாடுபட்டதற்கு நாலு நிமிஷம் ரொம்பக் குறைவாகத் தெரிந்ததால் இன்னொரு முறை எடுத்தேன். டிபிஎஃப் ஃபைல்களை லிப்ரேஆபீஸ் கால்க் நேராகவே திறக்கிறது.

இப்போது அந்த அரை மதிப்பெண் எங்கே போனது என்று சொல்ல வேண்டும். டைம்அவுட் என்ற ஒற்றைச் சொல்தான் காரணம். மேனுவல் அருமையாக எழுதப்பட்டிருக்கிறது, டிஹெச்சிபி பதில் வராவிட்டால் கேபிளையும் ஐஆர்க்யூவையும் பார் என்று அதிலேயே இருக்கிறது, நான்தான் மூன்றாவது ஞாயிற்றுக்குள் படிக்கவில்லை. ஆனாலும் ஒரு பாக்கெட் கூட உள்ளே வரவில்லை என்பது அந்த புரோகிராமுக்கே தெரிந்த விஷயம், அந்த இடத்திலேயே இன்னும் உரக்கச் சொல்லியிருந்தால் என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு ஒரு ஞாயிறு மிச்சம். மற்றபடி ஹெச்டிகெட்டில் ஹெச்டிடிபிஎஸ் கிடையாது, அதனால் இன்றைய தளங்களில் முக்கால்வாசி திறக்காது. இதற்கு நான் மதிப்பெண் குறைக்கவில்லை, 8088-இல் ஓட வேண்டிய மென்பொருளிடம் போய் அதைக் கேட்பது அநியாயம். விண்டோஸ் ஷேர் ஃபோல்டரும் திறக்காது. அதற்கு மைக்ரோசாஃப்டின் பழைய நெட்வொர்க் கிளையன்ட் 3.0 இருக்கிறதே என்றால், முன்பு ஒரு மெஷினில் போட்டுப் பார்த்திருக்கிறேன், 640 கேபியில் அது தின்றது போக மிச்சத்தில் ஃபாக்ஸ்ப்ரோ எழுந்திருக்கவே மறுத்தது. போதாதற்கு 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, அந்தக் கிளையன்ட் பேசும் பழைய ஷேர் முறையான எஸ்எம்பி1 தானாக அணைந்தே வருகிறது, இந்தக் கிழவருக்காக அதை மறுபடி திறந்துவைக்க எனக்கு மனமில்லை.

கார்டு விஷயத்தில் ஒரு வார்த்தை. உங்கள் பெட்டியில் கார்டே இல்லை, இனிமேல்தான் பழைய சாமான் கடையில் தேடப் போகிறீர்கள் என்றால் த்ரீகாம் 3சி509பி கிடைக்கிறதா பாருங்கள். என் இன்னொரு மெஷினில் அதுதான் இருக்கிறது. அதன் செட்டப் புரோகிராமில் ப்ளக் அண்ட் ப்ளேவை அணைத்துவிட்டு, ஐஆர்க்யூவை நீங்களே குறித்துவிட்டால் அப்புறம் அது இருப்பதே தெரியாது. பாக்கெட் டிரைவருக்கு ஐஓ முகவரி கூடச் சொல்ல வேண்டியதில்லை, தானே கார்டைத் தேடிக்கொள்கிறது. 8019 குளோன் கிடைத்தாலும் தள்ள வேண்டாம், ஆனால் வாங்கும்போதே ஆர்செட்8019-ஐ ஒரு ஃப்ளாப்பியில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் வேலையாக அதை ஓட்டுங்கள். நான் கடைசி வேலையாக ஓட்டினேன்.

எம்டிசிபியோடு தொடர்புடைய நெட்டிரைவ் என்று ஒன்றை 2023-இல் வெளியிட்டிருக்கிறார் புரூட்மன். வேறொரு கம்ப்யூட்டரில் இருக்கும் டிஸ்க் இமேஜை டாஸில் ஒரு டிரைவ் எழுத்தாகவே காட்டுமாம். சித்தப்பாவின் 420 எம்பி டிஸ்க் சில சமயம் எழும்பும்போது போடும் சத்தத்தைக் கேட்டால் அதைச் சீக்கிரமே போட்டுப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

ஃபைல்களை பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சித்தப்பா அதை மேஜையில் வைத்துவிட்டு 486-ஐத்தான் விசாரித்தார். "நெட்டுதான் வந்துடுச்சே, ஆபீஸ்லயே மாட்டி வெச்சிட்டா நான் வீட்டுலேர்ந்தே பாத்துக்குவேன்ல?" என்றார். வேண்டாம் சித்தப்பா, எஃப்டிபியில் பாஸ்வேர்டு போஸ்ட் கார்டில் எழுதின மாதிரி அப்படியே போகும், வெளியே திறந்துவிடக் கூடாது, வீட்டுக்குள் மட்டும்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்த மோடத்தையாவது திருப்பி மாட்டிக் குடு, அது பதினோராயிரம் ரூபாய்டா அன்னிக்கு" என்றார்.